பத்துக்கு எட்டு வந்தால் சிகரெட்டை விடவே முடியாதா?

கேள்வி: எனக்கு வயது 44. 22 வருடமாக சிகரெட் பிடிக்கிறேன். ஒரு நாளைக்கு இருபது. காலையில் கண் விழித்ததும், பல் துலக்குவதற்கு முன்பே முதல் சிகரெட்டைப் பற்ற வைத்தாக வேண்டும். மூன்று முறை விட்டுப் பார்த்தேன். மருந்து மாத்திரை எதுவும் கிடையாது, சொந்த முயற்சிதான். அதிகபட்சம் 19 நாள் தாக்குப்பிடித்தேன். அன்று ராத்திரி நண்பர்களோடு குடித்தபோது ஒன்றே ஒன்று பிடித்தேன். மறுநாள் காலையில் பாக்கெட் வாங்கிவிட்டேன். என்னோடு அதே நாளில் விட்ட நண்பன் இரண்டு வருடமாகத் தொடவில்லை. அவன் முன்பு பிடித்தது நாலைந்துதான், அதுவும் மதியத்துக்கு மேல். “உனக்கு மன உறுதி பத்தாது” என்கிறான். என் மனைவியும் அதையேதான் சொல்கிறாள். போன வாரம் இணையத்தில் ஆறு கேள்விகள் உள்ள ஒரு சோதனை செய்தேன். பத்துக்கு எட்டு வந்தது. “விடுவதற்கான வாய்ப்பு குறைவு” என்று போட்டிருந்தது. யார் விடுவார்கள், யார் விடமாட்டார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும் என்றால் நான் மறுபடி முயற்சி செய்வதில் அர்த்தம் உண்டா? இதற்கு மரபணுப் பரிசோதனை ஏதாவது இருக்கிறதா? இன்னொன்று, இந்த முறை வீட்டில் சொல்லாமல் ஆரம்பிக்கலாமா?

பதில்:

சோதனையை விட உங்கள் நண்பர் சொன்னதுதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. ஆனால் அதற்குப் பதில் அந்தச் சோதனைக்குள்ளேயே இருக்கிறது. அதனால் முதலில் அதைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

நீங்கள் செய்தது ஃபாகர்ஸ்ட்ராம் சோதனை. ஒருவர் நிகோடினுக்கு எவ்வளவு அடிமை என்று அளப்பது. இப்போதிருக்கும் ஆறு கேள்வி வடிவம் 1991-ல் வந்தது. என்னைப் போல புகை நிறுத்த ஆலோசனை தருபவர்கள் தினமும் கையில் எடுக்கும் தாள் அது. உங்கள் எட்டு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஒரு நாளைக்கு 20 சிகரெட் என்பதற்கு உங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு மதிப்பெண். 11 முதல் 20 வரை பிடிப்பவர்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆமாம் இல்லை என்று பதில் சொல்லும் மாதிரியான நான்கு கேள்விகளுக்கு ஒவ்வொன்று. மீதி மூன்றும் ஒரே கேள்வியிலிருந்து வந்தவை: தூங்கி எழுந்த எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? ஐந்து நிமிடத்துக்குள் என்றால் முழுசாக மூன்று. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால் பூஜ்யம்.

அந்த ஒரு கேள்விக்கு ஏன் அவ்வளவு எடை? நிகோடின் ரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். ஏழெட்டு மணி நேரம் தூங்கி எழும்போது உடம்பில் கொஞ்சம்தான் மிச்சம். அதாவது சிகரெட் பிடிக்கும் எல்லோரும் தினமும் ராத்திரி அதை விட்டுவிட்டு, காலையில் மறுபடி ஆரம்பிக்கிறார்கள். அந்த வெறுமையை ஒருவர் மதியம் வரை கண்டுகொள்ளாமல் இருக்கிறார். இன்னொருவருக்குப் படுக்கையிலிருந்து இறங்கும் முன்பே கை லைட்டரைத் தேடுகிறது. விடும் முயற்சி ஜெயிக்குமா என்று கணிக்க இருக்கும் தனித்தனிக் கேள்விகளில் இதுதான் கெட்டி என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இப்போது நண்பரிடம் வருவோம். நாலைந்து சிகரெட், மதியத்துக்கு மேல். அதே தாளில் அவர் வாங்குவது அநேகமாகப் பூஜ்யம் அல்லது ஒன்று. நீங்கள் இருவரும் ஒரே நாளில் விட்டீர்கள் என்பதைத் தவிர அந்த இரண்டு முயற்சிகளுக்கும் பெரிய ஒற்றுமை கிடையாது. அவருடைய மன உறுதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதை வைத்து உங்களுடையதை அளக்க அவருக்கு உரிமை இல்லை.

மன உறுதி என்ற பேச்சே எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. 2007-ல் அமெரிக்காவின் அயோவாவில் ஒரு குழு மூளையில் அடிபட்ட புகைப்பவர்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. மூளைக்குள் இன்சுலா என்று ஒரு பகுதி உண்டு. உடம்புக்குள் நடப்பதை நமக்கு உணர்த்துவதில் அதற்குப் பெரிய பங்கு. பக்கவாதம் போன்றவற்றால் அந்த இடம் சேதமானவர்களில் பலர் சிகரெட்டைச் சட்டென்று, சிரமமே இல்லாமல், மறுபடி ஏக்கமும் வராமல் விட்டிருந்தார்கள். பக்கவாதம் வந்ததால் யாருக்காவது மன உறுதி கூடுமா? போனது ஏக்கம். இதை ஒரு சிகிச்சையாக யாரும் சொல்லவில்லை. ஆனால் விட்டவர்களுக்கும் விடாதவர்களுக்கும் நடுவில் இருப்பது குணத்தின் வித்தியாசம்தான் என்று யாராவது அடித்துச் சொன்னால் எனக்கு அந்த நோயாளிகள்தான் நினைவுக்கு வருவார்கள்.

விட வேண்டும் என்ற ஆசை எவ்வளவு தீவிரம் என்பதுகூட நாம் நினைப்பதுபோல வேலை செய்வதில்லை. பல நாடுகளில் சாதாரண மக்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்தது இது: யார் முயற்சியில் இறங்குவார்கள் என்பதை ஆசை நன்றாகவே காட்டுகிறது. இறங்கிய பிறகு யார் தாக்குப்பிடிப்பார்கள் என்பதை அது ஏறக்குறைய சொல்வதே இல்லை. அங்கே பேசுவது நிகோடின் பிடி. அதனால் “உண்மையிலேயே விட நினைத்திருந்தால் விட்டிருப்பீர்கள்” என்று யாராவது சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மூன்று முறை இறங்கியவருக்கு ஆசை குறைவு என்று சொல்வதற்கு இடமே இல்லை.

சரி, முன்கூட்டியே சொல்ல முடியுமா என்ற உங்கள் நேர்க் கேள்வி. கூட்டமாகப் பார்த்தால் ஓரளவு முடியும். எழுந்ததும் பிடிப்பவர்கள், வீட்டில் இன்னொருவரும் பிடிக்கிற சூழலில் இருப்பவர்கள், மனச்சோர்வு உள்ளவர்கள், குடிக்கும்போது பிடித்தே பழகியவர்கள், இவர்களெல்லாம் சராசரியைவிடக் கஷ்டப்படுகிறார்கள். முந்தைய முயற்சியில் ஒரு வாரமாவது தாண்டியவர்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். தனி ஆள் என்று வரும்போது இந்தக் கணிப்பு தடுமாறும். எட்டு வாங்கிவிட்டு ஒரே தடவையில் விட்டவர்களும் உண்டு, இரண்டு வாங்கிவிட்டு வருடக்கணக்கில் திணறுபவர்களும் உண்டு. அந்தத் தாள் உங்களைப் பற்றிச் சொல்லவில்லை, எட்டு வாங்கிய கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறது.

இதில் ஒரு கணக்கு வேடிக்கையாக இருக்கும். மருந்து, ஆலோசனை எதுவும் இல்லாமல் தானாக விடுபவர்கள் நூறு பேரை எடுத்துக்கொண்டால், ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் கழித்தும் தொடாமல் இருப்பவர்கள் மூன்றிலிருந்து ஐந்து பேர்தான். அப்படியானால் எந்தச் சோதனையும் செய்யாமல், வருகிற ஒவ்வொருவரிடமும் “இந்த முறை உங்களால் முடியாது” என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை என் வாக்கு பலிக்கும். ஆனால் யாருக்கு என்ன பிரயோஜனம்? உங்கள் மூன்று முயற்சிகளும் இந்த மூன்று-ஐந்து கணக்குக்குள் நடந்தவை. அவை தோற்றதில் உங்களைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை.

இதே கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். அமெரிக்காவில் 2002-லிருந்தே, இப்போது பிடிக்கிறவர்களைவிட முன்பு பிடித்து விட்டுவிட்டவர்கள் அதிகம். ஒரு முயற்சியில் தொண்ணூற்றைந்து பேர் தோற்கும்போது இத்தனை பேர் எப்படி விட்டார்கள்? மறுபடி மறுபடி முயன்றுதான். 2016-ல் கனடா ஆய்வாளர்கள் கணக்குப் போட்டபோது, ஒருவர் கடைசியாக விடுவதற்கு முன் முப்பதோ அதற்கு மேலோ முயற்சிகள்கூட ஆகலாம் என்று வந்தது. ஓரிரு நாளில் முடிந்து மறந்தும் போன குட்டி முயற்சிகளையும் சேர்த்த கணக்கு அது. அதனால் முப்பது என்பதைப் பார்த்து மிரள வேண்டாம். மூன்றில் நிறுத்திவிட்டு “நான் விடமுடியாத ரகம்” என்று முடிவுகட்டுவதுதான் தப்பு.

அப்படியானால் எட்டு என்ற மதிப்பெண் எதற்குத்தான்? கண் டாக்டர் உங்களுக்கு மைனஸ் ஆறு என்று எழுதிக் கொடுத்தால், உங்களால் படிக்கவே முடியாது என்று அவர் சொல்வதாகவா எடுத்துக்கொள்வீர்கள்? என்ன பவரில் கண்ணாடி போட வேண்டும் என்று சொல்கிறார், அவ்வளவுதான். நிகோடின் சூயிங்கம்மில் இதை அப்படியே பார்க்கலாம். 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு வகை. எதை எடுப்பது என்று தீர்மானிப்பது அதே காலைக் கேள்விதான். எழுந்த அரை மணி நேரத்துக்குள் பிடிப்பவருக்கு 4, அதற்குப் பிறகு பிடிப்பவருக்கு 2. இது தெரியாமல் 2 வாங்கி மென்றுவிட்டு “இதெல்லாம் வேலை செய்யாது” என்று தூக்கிப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் நண்பருக்குக் கண்ணாடியே தேவைப்படவில்லை. உங்களுக்குத் தேவைப்படுகிறது. மூன்று முறை நீங்கள் அது இல்லாமலே படிக்கப் பார்த்திருக்கிறீர்கள்.

மரபணு பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிகோடினை உடைப்பது பெரும்பாலும் கல்லீரலில் இருக்கும் சிஒய்பி2ஏ6 என்ற நொதி. சிலருக்கு அது வேகமாக உடைக்கும், சிலருக்கு மெதுவாக. வேகமாக உடைப்பவர்களுக்கு அடுத்த சிகரெட் சீக்கிரம் தேவைப்படும், விடுவதும் பொதுவாகக் கஷ்டம். ரத்தத்தில் நிகோடினின் இரண்டு கழிவுப் பொருள்களின் விகிதத்தைப் பார்த்தே இந்த வேகத்தை அளக்கலாம். 2015-ல் வந்த ஒரு பெரிய சோதனையில், சாதாரண வேகத்தில் உடைப்பவர்களுக்கு தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச்சைவிட, ஏக்கத்தைக் குறைக்கும் வரெனிக்ளின் என்ற மாத்திரை நன்றாக வேலை செய்தது. மெதுவாக உடைப்பவர்களுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் மாத்திரையில் பக்கவிளைவு கூடுதல். கவனியுங்கள், இங்கேயும் பதில் “எந்த மருந்து” என்பதாகத்தான் வருகிறது. வழக்கமான சிகிச்சையில் இந்தப் பரிசோதனை இன்னும் இடம்பிடிக்கவில்லை. உங்களுக்கு அது அவசியம் என்றும் நான் நினைக்கவில்லை. பல் துலக்கும் முன்பே சிகரெட் என்று நீங்கள் எழுதிய ஒரு வரியே எனக்குப் போதும்.

உங்கள் அளவுக்கு என்ன வேண்டும் என்று சொல்கிறேன். ஒரு டாக்டரைப் பார்த்து இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதல் வழி, வரெனிக்ளின். விடும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே ஆரம்பித்து, வழக்கமாகப் பன்னிரண்டு வாரம் எடுக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும், அதைக் கட்டாயம் சொல்லுங்கள். குமட்டலும் தாறுமாறான கனவுகளும் வரலாம். 2016-ல் வெளியான, எட்டாயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்ட ஒரு சோதனையில், ஒன்பதாவது வாரத்திலிருந்து இருபத்து நான்காவது வாரம் வரை தொடர்ந்து தொடாமல் இருந்தவர்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேர், வரெனிக்ளின் எடுத்தவர்களில் இருபத்திரண்டு பேர். நூற்றுக்கு எழுபத்தெட்டு பேர் அப்போதும் விடவில்லை என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் இரண்டு மடங்குக்கு மேலான வித்தியாசத்தை வேண்டாம் என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

இரண்டாவது வழி, பேட்ச்சும் சூயிங்கம்மும் சேர்த்து. பேட்ச் மட்டும் போட்டால் உங்களுக்குப் போதாமல் போகலாம். சிகரெட் இழுத்த பத்து இருபது நொடியில் நிகோடின் மூளைக்குப் போய்விடும். பேட்ச்சுக்கு மணிக்கணக்கு ஆகும். அது அடிமட்டத்தைத் தாங்கும், திடீரென்று எழும் ஏக்கத்துக்குச் சூயிங்கம் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாக எடுப்பதைவிட நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. இருபது பிடிப்பவர் 21 மில்லிகிராம் பேட்ச்சில் ஆரம்பிக்கலாம். சூயிங்கம்மைச் சாதாரண பபிள்கம் மாதிரி மென்றுகொண்டே இருந்தால் நிகோடின் வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். நாக்கில் சுருக்கென்று காரம் தெரியும் வரை மெல்ல வேண்டும். அப்புறம் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி சில மெல்லல். மெல்லுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, பழச்சாறு எதுவும் வேண்டாம். வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் சரியாக உறிஞ்சாது.

காபி என்றதும் இன்னொன்று. சிகரெட் புகை கல்லீரலை முடுக்கிவிட்டு காஃபினைச் சீக்கிரம் எரிக்க வைக்கிறது. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் போய்விடும். அதே அளவு காபி, டீ குடித்தாலும் ரத்தத்தில் காஃபின் கணிசமாக ஏறும். படபடப்பு, தூக்கமின்மை என்று முதல் வாரத்தில் சிலர் படும் பாட்டில் ஒரு பங்கு காபியுடையது. பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தேதி குறித்து ஒரேயடியாக விடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது மென்மையான வழி போலத் தெரியும். இரண்டையும் நேரடியாக ஒப்பிட்ட 2016 சோதனை ஒன்றில், ஒரேயடியாக விட்டவர்களில் நான்காவது வாரம் தொடாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 49, படிப்படியாகக் குறைத்து விட்டவர்களில் 39. மருந்தும் ஆலோசனையும் இரு தரப்புக்கும் இருந்தன.

அந்தத் தேதிக்குப் பிறகு வரும் இரண்டு வாரத்துக்கு, என்னைப் பொறுத்தவரை, உங்கள் ஃபாகர்ஸ்ட்ராம் மதிப்பெண்ணைவிட மதிப்பு அதிகம். தானாக விடுபவர்களில் பெரும்பாலோர் முதல் எட்டு நாளுக்குள் திரும்பிவிடுகிறார்கள். பேட்ச் போட்டவர்களை வைத்து 1994-ல் வந்த ஆய்விலும் இதுதான்: முதல் இரண்டு வாரத்தில் ஒன்றிரண்டு பிடித்தவர்களில் பெரும்பாலோர் ஆறாவது மாதத்தில் பழைய நிலையில் இருந்தார்கள். சோதனைத் தாளில் இருக்கும் எட்டை நீங்கள் மாற்ற முடியாது. இந்த இரண்டு வாரத்தை மாற்றலாம். வேலைப் பளு குறைவாக இருக்கும் சமயம் பார்த்துத் தேதி வையுங்கள். அந்த நாட்களில் குடியைத் தொடவே தொடாதீர்கள். வீட்டிலும் வண்டியிலும் ஒரு சிகரெட்கூட, ஒரு லைட்டர்கூட இருக்கக் கூடாது. மூன்றாவது நாளுக்கும் பதினான்காவது நாளுக்கும் டாக்டரிடம் இப்போதே நேரம் வாங்கி வைத்துவிடுங்கள். எரிச்சலும் நமநமப்பும் உச்சத்தில் இருக்கும் நாளில் நீங்களாகப் போன் பண்ணி நேரம் கேட்கப் போவதில்லை.

உங்கள் 19-வது நாள் ராத்திரியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உடம்பின் விலகல் தொல்லைகள் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெருமளவு அடங்கிவிடும். அதாவது கஷ்டமான பகுதியை நீங்கள், அதுவும் மருந்தே இல்லாமல், கிட்டத்தட்ட தாண்டியிருந்தீர்கள். அன்று பிடித்தது ஒன்று. அந்த ஒன்றுக்கும் மறுநாள் வாங்கிய பாக்கெட்டுக்கும் நடுவில் ஒரு ராத்திரி முழுக்க இருந்தது. “எல்லாம் போச்சு, இனி என்ன” என்று மனம் முடிவு செய்தது அந்த இடைவெளியில்தான். இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. ஒரு சறுக்கலை முழுத் தோல்வியாகப் படிக்கும் இந்தப் பழக்கத்தை உளவியலாளர்கள் எண்பதுகளிலிருந்தே விவரித்து வருகிறார்கள். இந்த முறை அப்படி ஒன்று நடந்தால் பேட்ச்சைக் கழற்றாதீர்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். மீதியிருக்கும் சிகரெட்டைத் தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போடுங்கள். மறுநாள் காலை கடை திறக்கும் முன் டாக்டருக்கோ ஆலோசகருக்கோ சொல்லிவிடுங்கள்.

கடைசிக் கேள்வி, வீட்டில் சொல்வதா வேண்டாமா. சொல்லுங்கள். கணவன் மனைவி இருவரும் பிடிக்கும் வீடுகளில் ஒருவர் விட்டால் மற்றவர் பிடிக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைந்தது என்று 2008-ல் அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் என்ற ஊர் மக்களை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. உங்கள் மனைவி பிடிக்காதவர் என்றால் அந்த எண் உங்களுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் கூட இருப்பவர்களின் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்கு அது போதும். சபதம் மாதிரி சொல்ல வேண்டாம். எந்தத் தேதி, எந்த மருந்து, முதல் வாரம் நான் சிடுசிடுப்பேன், அவ்வளவு போதும். அவரிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: சாயந்திரம் வீடு திரும்பியதும் சட்டையை மோந்து பார்த்து விசாரிக்க வேண்டாம். நீங்களே சொல்லிவிடுவீர்கள் என்றும், சறுக்கினால் முதலில் தெரிவது அவருக்குத்தான் என்றும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் விரும்பினால் டாக்டரைப் பார்க்கப் போகும்போது கூட்டிக்கொண்டு போங்கள், இந்தத் தாளையும் அந்த எட்டையும் அவருக்கும் ஒருவர் விளக்கிச் சொல்லட்டும்.